அந்த மான் யாருடையது?

விவேக் நகரில் வீடு பார்த்துக் குடிவந்த புதிதில், ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். ஓட்டு வீடு, முன்னால் பெரிய வராந்தா. சுவரில் ஒரு ஜோடி கடமான் கொம்பு. திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் மிளா என்போம். கொம்புக்குக் கீழே ஒரு பித்தளைத் தகட்டில் ஏதோ ஊர்ப் பெயர். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "மானைச் சுட்டா போலீஸ் பிடிக்காதாப்பா?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்காரப் பெரியவர் கோபப்படவில்லை. "எங்க தாத்தா லைசென்ஸ் வெச்சிருந்தாரும்மா" என்றார். அவள் விடுகிற ஆளா? "லைசென்ஸ் யாரு குடுத்தா? அந்த மான் அவங்களோடதா?"

பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் கேக் கொண்டுவந்தார். கேள்வி என்னோடு வந்துவிட்டது. அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வெளியூரில் பிழைக்கிற எல்லோருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை இங்கே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்டவேண்டும். பிள்ளைக்கு இங்கே அரசு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் வேண்டுமென்றால், பொதுவாக ஏழு ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்கவேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு இன்-ஸ்டேட், அவுட்-ஆஃப்-ஸ்டேட் ஃபீஸ் வித்தியாசத்தை நான் சொல்லவேண்டியதில்லை. யார் உள்ளூர், யார் வெளியூர், யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று அரசாங்கம் கோடு போடும் விஷயம் இது. அந்தக் கோட்டை மிகப் பழைய காலத்திலேயே போட்ட இடங்களில் ஒன்று காடு.

முதலில் நம்ம ஊர் பூகோளம். இன்றைய விவேக் நகரிலிருந்து தெற்கே போனால் பன்னேருகட்டா, ஆனேக்கல். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை; தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. ஐம்பது அறுபது கிலோமீட்டரில் யானைக் காடு. (இந்தப் பெயர்களைக் கேட்டதும் உங்களுக்கு வீரப்பன் நினைவு வரும். அது வேறு கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.)

இப்போது 1901-க்குப் போங்கள். ரிச்மண்ட் டவுன் பக்கம் குடியிருக்கும் ஒரு வெள்ளைக்கார துரை துப்பாக்கியோடு கிளம்புகிறார். அவர் வீடு இருப்பது சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்ற கண்டோன்மென்ட் பகுதி. 1881-இல் மைசூர் அரசை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது பிரிட்டிஷார் இந்தத் துண்டை மட்டும் தங்கள் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டார்கள். 1947-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, துரை வீட்டில் இருக்கும்போது பிரிட்டிஷ் நிர்வாகம். பன்னேருகட்டா பக்கம் போனால் மைசூர் மகாராஜாவின் காடு. ஆனேக்கல் தாண்டினால் சென்னை மாகாணம், சேலம் மாவட்டம். ஒரு பகல் பயணத்தில் மூன்று அரசாங்கம். ஜவளகிரிப் புலிக்கு இந்தக் கோடு எதுவும் தெரியாது. ஆனால் சுடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்துச் சட்டம்தான் அவருக்கு.

சட்டங்கள் வந்த வரிசையைப் பாருங்கள். முதலில் யானை. சென்னை மாகாணம் 1873-இல் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டது. அதை ஒட்டி 1879-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஒரு யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தற்காப்புக்காகவோ, யானை வீட்டையோ பயிரையோ அழிக்கும்போதோ தவிர, உரிமம் இல்லாமல் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. மீறினால் யானைக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து ஐந்நூறு! கருணை மட்டும் காரணமில்லை. மரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் அரசாங்கத்துக்கு யானை வேண்டும். அது கஜானாச் சொத்து. அதே காலத்தில் புலியைக் கொன்றவருக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. யானைக்குப் பாதுகாப்பு, புலிக்குத் தலைவிலை. இரண்டும் ஒரே அரசாங்கம்தான்.

அடுத்தது நீலகிரி. ஊட்டியில் குடியேறிய தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் 1877-இல் நீலகிரி கேம் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். (அதன் வாரிசு இன்றும் வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இயங்குகிறது.) அப்போதே வரையாடும் கடமானும் குறைந்துகொண்டு வந்தன. குறைத்தது பெரும்பாலும் அவர்களுடைய துப்பாக்கிகள்தான் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு வருஷத்தில், 1879-இல், சென்னை மாகாணத்தின் இரண்டாம் சட்டமாக நீலகிரி வேட்டை விலங்குகள், மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை கூடாத மாதங்களை அரசாங்கமே குறிக்கலாம். அந்தச் சட்டம் காத்த மீன் எது தெரியுமா? வெளியிலிருந்து கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்ட மீன். தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக வந்த வெளியூர் மீனுக்குக்கூடச் சட்டம் இருந்தது!

1878-இல் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு விதிகளில் விலக்கு. 1882-இல் சென்னை வனச் சட்டம். ரிசர்வ் காட்டில் விதிகளை மீறிச் சுடுவது, மீன் பிடிப்பது, தண்ணீரில் நஞ்சு கலப்பது, கண்ணி வைப்பது எல்லாம் குற்றம். 1901-இல் மைசூர் சமஸ்தானமும் தனக்கென வேட்டை, மீன் பாதுகாப்பு ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டுவந்தது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். விலங்கைக் கொல்வது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காகிதம் இல்லாமல் கொல்வதுதான் குற்றம். அந்தக் காகிதம் யாருக்குக் கிடைக்கும்? கட்டணம் கட்ட முடிந்தவருக்கு, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கு, கலெக்டர் அலுவலக வாசல்படி மிதிக்கக் கூச்சப்படாதவருக்கு. காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இருளரும் குறும்பரும் சோளகரும் இந்த மூன்றில் எதிலும் சேரவில்லை. வலையும் கண்ணியும் வைத்துச் சமையலுக்கு முயலும் காட்டுக்கோழியும் பிடித்தவர்கள் ஒரே நாளில் கள்ள வேட்டைக்காரர்கள் ஆனார்கள். எங்கிருந்தோ ரயிலேறி வந்து, கூடாரம் அடித்து, கொம்புக்காகச் சுட்டவர் 'ஸ்போர்ட்ஸ்மேன்'.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுப்பாடு பயனில்லாமல் போகவில்லை. நீலகிரியில் இன்று வரையாடு மிஞ்சியிருப்பதில் அந்தச் சங்கத்துக்கும் சட்டத்துக்கும் பங்கு உண்டு. கட்டுப்பாடே இல்லாமல் விட்டிருந்தால் அந்தச் சரிவுகள் எப்போதோ காலியாகியிருக்கும். கட்டுப்பாடு வேண்டும் என்பதில் சண்டையில்லை. கோட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

கென்னத் ஆண்டர்சனைச் சிலர் படித்திருப்பீர்கள். 1910-இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974-இல் மறைந்தவர். ஆட்கொல்லிச் சிறுத்தை, புலிக் கதைகள் எழுதியவர். ஜவளகிரி ஆட்கொல்லி பற்றிய கதை தமிழ்நாட்டு எல்லையில் நடப்பது. அதாவது பெங்களூர்க்காரரான அவர் அந்தக் காட்டுக்கு வெளியூர்க்காரர். அவர் எழுத்தில் பைரா என்று ஒருவர் வருவார், அந்தக் காட்டுப் பூசாரி இனத்தவர். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த மனிதர். ஆண்டர்சனுக்கு நண்பர், வழிகாட்டி, ஆனால் சட்டத்தின் கண்ணில் கள்ள வேட்டைக்காரர். ஒருவர் கையில் காகிதம் இருந்தது, இன்னொருவர் காலில் காடு இருந்தது. ஆண்டர்சன் அவரை அன்போடு எழுதியிருக்கிறார். ஆனால் அந்த அன்பால் பைராவுக்கு உரிமம் கிடைத்துவிடாது.

மைசூரில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே வேட்டை ராஜதந்திரம். கபினிக் கரையில் காக்கனக்கோட்டைக் கெத்தாவில் யானைக் கூட்டத்தைத் தொழுவத்துக்குள் விரட்டிப் பிடிப்பதை வைஸ்ராய்களும் இளவரசர்களும் வந்து பார்த்தார்கள். விருந்தாளிக்குப் புலி சுட ஏற்பாடு செய்வது அரசு மரியாதை. சுட்ட புலியைப் பாடம் பண்ணிக் கொடுக்க மைசூரிலேயே வான் இங்கன் நிறுவனம் இருந்தது. ஆயிரக்கணக்கான புலி, சிறுத்தைத் தலைகள் அங்கிருந்து உலகெங்கும் போயின. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான். காட்டில் இருக்கிறவன் சோற்றில் கை வைத்து வெளியூர் விருந்தாளிக்குப் பரிமாறினார்கள்.

இதை அமெரிக்காவோடு ஒப்பிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே கோடு நேர் எதிர்ப்பக்கம்.

அங்கே பிரிட்டனைப் போலக் காட்டு விலங்கு நிலச்சுவான்தாருக்குச் சொந்தம் என்று விடவில்லை. விலங்கு மாநில மக்களுக்குப் பொது, அரசாங்கம் அறங்காவலர் மாதிரி என்று வைத்துக்கொண்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் சுட்ட பறவைகளை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற சட்டத்தை 1896-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணம் சொல்லித்தான் ஏற்றது. விலங்கு மாநில மக்களுடையது என்றால் அடுத்த மாநிலத்துக்காரர்? அவர் விருந்தாளி; அதிகமாகக் கட்டவேண்டும்.

எவ்வளவு அதிகம்? மொன்டானாவில் 1976 பருவக் கணக்கு இது. உள்ளூர்க்காரருக்கு எல்க் என்ற பெரிய மானை மட்டும் வேட்டையாட 9 டாலர். வெளிமாநிலத்தவருக்கு அந்தத் தனி உரிமமே கிடையாது. பல விலங்குகளுக்கும் சேர்த்த 225 டாலர் உரிமம்தான் வாங்கவேண்டும். அதே சேர்த்த உரிமம் உள்ளூர்க்காரருக்கு 30 டாலர். ஏழரை மடங்கு! எல்க் மட்டும் போதும் என்கிறவருக்கு இருபத்தைந்து மடங்கு. மின்னசோட்டாக்காரர்கள் நான்கு பேரும், வெளியூர் வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் செய்த ஒரு மொன்டானா வேட்டை வழிகாட்டியும் வழக்குப் போட்டார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. நீதிபதி பிளாக்மன் சொன்ன காரணத்தின் சாரம்: எல்க் வேட்டை வெளியூர்க்காரருக்குப் பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல. பொழுதுபோக்குக்கு மாநிலம் அதிகம் வாங்கினால் அரசியல் சட்டம் குறுக்கே வராது.

பிழைப்பு என்றால்? அதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தென் கரோலினா தன் கடலில் இறால் பிடிக்க உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளிமாநிலப் படகுக்கு 2,500 டாலரும் வைத்தது. ஜார்ஜியா மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1948-இல் அந்தக் கட்டணத்தை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. காரணம், இறால் பிடிப்பது அந்த மனிதர்களின் சோறு.

இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று எனக்கு நம்ம ஊர்க் கதை புரிந்தது. பொழுதுபோக்கு என்றால் வெளியூர்க்காரர் அதிகம் கட்டட்டும். பிழைப்பு என்றால் வெளியூர்க்காரரைக்கூட விரட்டாதே. எளிய அளவுகோல். இதை நீலகிரிக்கும் மைசூருக்கும் வைத்துப் பாருங்கள். இங்கே பொழுதுபோக்குக்கு வந்தவருக்கு உரிமம். பிழைப்புக்கு வேட்டையாடியவருக்குச் சிறை. அதுவும் அவர் உள்ளூர்க்காரர்! விலங்கு மக்களுடையது என்று இங்கே யாரும் தொடங்கவில்லை. சர்க்காருடையது, அல்லது மகாராஜாவுடையது என்று தொடங்கினார்கள். சொந்தக்காரர் மாறினால் விருந்தாளியும் திருடனும் இடம் மாறிவிடுகிறார்கள்.

அமெரிக்காவையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். மொன்டானாவின் பூர்வகுடிகளிடம் கேட்டால் முதல் உள்ளூர்க்காரர் யார் என்று வேறு கதை சொல்வார்கள். மாநிலம்தான் விலங்குக்கு உரிமையாளர் என்ற 1896 வாதத்தை உச்ச நீதிமன்றமே 1979-இல் ஓக்லஹோமா வழக்கில் கைவிட்டது. பிறகு அரிசோனா வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீத உச்சவரம்பு வைத்தது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டதும், 2005-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, உள்ளூர், வெளியூர் என்று பிரிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு உறுதி செய்தது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு: 1937 சட்டப்படி மத்திய அரசின் வனவிலங்கு நிதி வேண்டுமானால், வேட்டை உரிமப் பணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. அதனால் வெளியூர்க்காரர் கட்டும் பணம் எங்கே போகிறது என்றாவது தெரியும்.

சுதந்திரம் வந்ததும் நம் கோடு நகர்ந்ததா? காகிதம் அப்படியே இருந்தது, வாங்குகிறவர் மட்டும் மாறினார். காடுகளை வேட்டைத் தொகுதிகளாகப் பிரித்து, இத்தனை நாளுக்கு இத்தனை விலங்கு என்று பெர்மிட் கொடுத்தார்கள். ஷிகார் கம்பெனிகள் வெளிநாட்டவரை அழைத்து வந்தன. டாலர் வந்தது, அன்னியச் செலாவணிக்குத் தவித்த காலம். 1952-இல் இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதல் கூட்டம் மைசூரில் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் தலைமையில் நடந்த பிறகும் வேட்டை தொடர்ந்தது. 1969-இல் டெல்லியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு புலி அழிகிறது என்று எச்சரித்த பிறகுதான், 1970-இல் நாடு முழுக்கப் புலி வேட்டைக்குத் தடை வந்தது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அப்போது வனவிலங்கு மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்ததால், பதினொரு மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டபடி டெல்லி இதை இயற்றியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இல்லை, மைசூரும் இல்லை. இரண்டும் பின்னால்தான் ஏற்றன. 1976-இல் அவசரநிலைக் கால அரசியல் சட்டத் திருத்தம் வனவிலங்கைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது.

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், 1972 சட்டம் வேட்டையை முழுக்கத் தடுக்கவில்லை. சிறப்பு வேட்டை, பெரிய விலங்கு, சிறிய விலங்கு, உயிரோடு பிடிப்பது என்று நான்கு வகை உரிமத்தை அது வைத்திருந்தது. வலை, குழி, கண்ணி, நஞ்சு, விளக்கு வைத்து வேட்டையாடக் கூடாது என்றது. ஆக அப்போதும் துப்பாக்கி சரி, கண்ணி தப்பு. 1991 திருத்தம்தான் உரிமங்களை எடுத்துவிட்டது. அதன் பிறகு ஆட்கொல்லியாகிவிட்ட விலங்கு போன்ற சில விதிவிலக்குகளுக்கு மட்டும் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதிக்கலாம்.

இதில் எனக்கு மகிழ்ச்சிதான். கொம்புக்காக மானைச் சுடும் உரிமை யாருக்கும் வேண்டாம். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். காலங்காலமாக அநியாயம் செய்துவிட்டோம் என்று முகப்பிலேயே ஒப்புக்கொள்ளும் சட்டம் அது. தேன், கிழங்கு, மூங்கில், மேய்ச்சல், பரம்பரை உரிமைகள் எல்லாவற்றையும் தருகிறது. அதே வரியில், வேட்டையாடும், கண்ணி வைக்கும் உரிமையைத் தவிர என்கிறது. காரணம் புரிகிறது, இன்று காட்டில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். ஆனாலும் கணக்குப் பாருங்கள். உரிமம் இருந்த நூறு வருஷமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பகிர நேரம் வந்தபோது பகிர எதுவும் இல்லை.

மைசூர்ப் பக்கம் பிலிகிரிரங்கன் மலை 1974-இல் சரணாலயம் ஆனபோது சோளகர்களின் வேட்டையும் புனம் விவசாயமும் நின்றன. 2011-இல் அங்கே அவர்களுடைய சமூக வன உரிமையை அங்கீகரித்தார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி அங்கீகாரம் கிடைத்தது அதுவே முதல் முறை. தேனும் நெல்லியும் எடுக்கலாம். தாமதமாக வந்த நியாயம், ஆனால் வந்தது.

வெளியூரில் வாழும் நமக்கு இதில் என்ன? வெளியூர்க்காரர் கொஞ்சம் அதிகம் கட்டுவது தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த ஊர் ரோட்டை, தண்ணீரை எனக்கு முன்னால் வேறு யாரோ வரி கட்டி வளர்த்திருக்கிறார்கள். நான் சண்டைக்கு நிற்க நினைப்பது ஒரே இடத்தில், அது யாருடைய பிழைப்பிலும் கை வைக்கும்போது. ஒரு கட்டணம், ஒரு லைசென்ஸ், ஒரு ஏழு வருஷக் கணக்கு வரும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இது யாருடைய ஆசைக்கு விலை, யாருடைய சோற்றுக்கு விலை? அந்த ஜார்ஜியா மீனவர்கள் கேட்டு வென்ற கேள்வி. ஜவளகிரிக் காட்டில் பைரா மாதிரி ஆட்களுக்குக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்ததில்லை.

இப்போது நாம் துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு போகிறோம். லைசென்ஸுக்குப் பதில் சஃபாரி டிக்கெட். பல காப்பகங்களில் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் என்று போர்டு இருக்கும். பிள்ளைகளோடு போகும்போது அந்த போர்டைக் காட்டி, இந்தக் காட்டிலேயே பிறந்தவர்களுக்கு இதில் எந்த வரி என்று கேளுங்கள். ஜீப்பில் தடம் காட்ட வரும் மனிதரிடமும் அவர் ஊர் எது என்று விசாரியுங்கள். நிறைய தெரிந்துகொள்ளலாம்.